கூரையும் கூலியும்: ருவான்வெல்லைத் தோட்டங்களில் குடியிருப்பைத் தீர்மானித்தது யார்?

கேகாலை மாவட்டத்தின் தெற்குப் பகுதியில், குருகொட ஓயா களனி கங்கையை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கில் இருக்கிறது ருவான்வெல்லை. அவிசாவளைக்கும் கேகாலைக்கும் இடையில் இருக்கும் சிறு நகரம் இது. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய என்று சுற்றியுள்ள ஊர்களெல்லாம் இறப்பரால் பெயர் பெற்றவை. மேட்டுப் பகுதிகளில் தேயிலையும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சரிவுகளுக்குக் கடல் கடந்து இரண்டு வகையான மனிதர்கள் வந்தார்கள். ஒருவர் பிரித்தானியாவிலிருந்து வந்த தோட்டத் துரை. மற்றவர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளி.

இருவருமே அந்நிய மண்ணில் குடியேறியவர்கள். துரைக்கு எங்கே குடியிருப்பது என்பதில் தேர்வு இருந்தது. காற்று வரும் மேடு, நல்ல ஊற்று, பார்வைக்கு எட்டும் தோட்டம், பொழுதுபோக்கச் சக துரைமார் கூடும் கிளப்புக்குப் போக ஒரு பாதை என்று பார்த்துப் பங்களா கட்டினார்கள். தொழிலாளியின் வரிசை வீடான லயம் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கும் தொழிற்சாலையான ஸ்டோருக்கும் நடக்கும் தூரம், பயிருக்குப் பயன்படாத நிலம் என்ற இரண்டு கணக்கில் அது முடிந்தது. ஒருவரின் தேர்வும் மற்றவருக்குத் தேர்வு இல்லாமையும் ஒரே வரைபடத்தில் ஒரே கையால் எழுதப்பட்டன.

வெளிநாட்டில் வாழப் போகிறவர் எந்தப் பகுதியில் குடியேறுவது என்ற கேள்விக்கு இன்று நிறைய ஆலோசனை கிடைக்கிறது. வாடகை, பாடசாலை, போக்குவரத்து, பாதுகாப்பு, நம்மவர் கடை என்று ஒரு பட்டியல் எல்லோர் கையிலும் இருக்கிறது. அந்தப் பட்டியல் பயனுள்ளதுதான். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையில் இருக்கிறது என்று அது முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. கேகாலை அடங்கிய சப்ரகமுவ மாகாணத்துத் தோட்ட மக்களின் வரலாறு அதற்கும் முந்தைய ஒரு கேள்வியைக் கேட்கிறது: வேலை போனால் இந்த வீட்டில் தொடர்ந்து இருக்க முடியுமா? கடல் கடந்து வந்தபோதும், கடல் கடந்து திருப்பி அனுப்பப்பட்டபோதும், இன்று வளைகுடாவுக்குப் பறக்கும்போதும் இந்த மக்களின் வாழ்க்கையைத் தீர்மானித்த கேள்வி இது ஒன்றே. இதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதை இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது.

தகரத்தில் பொறித்த முகவரி

இறப்பர் இந்த மண்ணுக்குச் சொந்தமான மரமல்ல. ஹென்றி விக்ஹம் 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுபோன விதைகளின் கன்றுகள் அதே ஆண்டில் இலங்கையின் ஹேனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. மோட்டார் வாகனங்கள் பெருகி, உலகச் சந்தையில் இறப்பர் விலை ஏறிய 1905 – 1910 காலத்தில் களனிப் பள்ளத்தாக்கின் சரிவுகளில் காடு அழிந்து மரங்கள் எழுந்தன. ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆள் சேர்க்கும் கங்காணி தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்.

கங்காணியுடன் வந்தவர் ஒரு நாட்டுக்குப் புறப்பட்டார் என்று சொல்வதைவிட ஒரு தோட்டத்துக்குப் புறப்பட்டார் என்று சொல்வதே சரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரச் சீட்டு முறையில், தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு சிறு தகரத் துண்டு தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட்டது. அவர் எங்கே இறங்க வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும், செலவை யார் கணக்கில் எழுத வேண்டும் என்பதையெல்லாம் அந்தத் துண்டு சொல்லிவிடும். படிக்கத் தெரியாதவரின் கையில் அவருடைய வருங்கால முகவரி இருந்தது. அதைத் தெரிவு செய்தவர் வேறொருவர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் கப்பல் ஓடத் தொடங்கியது. 1917 முதல் மண்டபத்தில் இயங்கிய முகாமில் தொழிலாளர்கள் தடுத்து வைக்கப்பட்டு, நோய் உண்டா என்று பார்க்கப்பட்டு, பிறகு தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

வந்து சேர்ந்த பிறகு இடம் மாற முடிந்ததா? பிடிக்காத தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். தொழிலாளி பட்ட கடனைப் புதிய தோட்டம் கட்டினால் அவரை விடுவிக்கச் சம்மதம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடன் தீராமல் கால் நகராது. இந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, ஒரு குடும்பம் இடம் பெயர்வது என்பது அதன் கடன் கைமாறுவதாகவே இருந்தது.

வீடு எப்படி இருந்தது என்பது மலையகத்தில் எல்லோரும் அறிந்ததே. 10 அடிக்கு 12 அடி என்ற அளவில் காம்பரா என்ற ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்ற ஒரு திண்ணை. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்றால் பின்பக்கம் ஜன்னலுக்கும் இடமில்லை. ருவான்வெல்லையின் நிலைமை நுவரெலியாவிலிருந்து சற்று வேறுபட்டது. தேயிலையோடு ஒப்பிட்டால் இறப்பருக்கு ஏக்கருக்குத் தேவைப்படும் ஆட்கள் குறைவு. விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும். இருள் பிரியுமுன் தொடங்கி நண்பகலுக்குள் வெட்டும் சேகரிப்பும் முடிந்துவிடும். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து வந்து வேலை செய்து திரும்புவதற்கும் இது வசதி. அதனால் இங்கே லயங்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று தொலைவானவை, நடுநடுவே கிராமங்கள். தோட்டத் தமிழர் இம்மாவட்டத்தில் எப்போதும் சிதறிய சிறுபான்மை. கேகாலை மாவட்ட மக்கள்தொகையில் தமிழர் எல்லோரையும் சேர்த்தாலும் பத்து வீதத்துக்குக் குறைவு. அயலவர் யார், பாடசாலை எந்த மொழியில், தேர்தலில் வாக்குக்கு என்ன வலு என்பதெல்லாம் இறப்பர் மரத்தின் ஆள்கணக்கிலிருந்து பிறந்தவை.

உருளவள்ளி: வீடு யாருடையது?

வேலையோடு கட்டப்பட்ட வீடு எவ்வளவு பலவீனமானது என்பது இதே மாவட்டத்தில் 1946இல் வெளிப்பட்டது. உந்துகொடைப் பகுதியில் இருந்த நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்காக அரசு சுவீகரித்தது. நிலமற்ற சிங்களக் கிராமத்தவருக்கு நிலம் கொடுப்பது நோக்கம். அந்த நோக்கத்தில் நியாயம் உண்டு. கண்டிச் சிங்கள விவசாயியின் நிலப் பசி உண்மையான பசி. ஆனால் அங்கே வேலை செய்துவந்த நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களுக்கு வேலை நீக்கமும் வெளியேறும் அறிவித்தலும் சேர்ந்தே வந்தன. தோட்டம் கைமாறியதால் வேலை போயிற்று. வேலை போனதால் வீடு போயிற்று. அவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள்.

அவர்கள் வெளியேற மறுத்தார்கள். அத்துமீறி இருந்ததாக வழக்குகள் போடப்பட்டன. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அழைத்த வேலைநிறுத்தத்தில் பல மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் கலந்துகொண்டார்கள். மலையக வரலாற்றில் உருளவள்ளிப் போராட்டம் என்று குறிக்கப்படும் நிகழ்வு இது. ஒரு தொழிலாளியின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1951ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவான அந்தத் தீர்ப்பு, தண்டனையைத் தள்ளுபடி செய்தது. யாரையும் தொல்லைப்படுத்துவது அவருடைய முதன்மையான எண்ணமல்ல, தம் வாழ்நாள் வீட்டில் தொடர்ந்து இருப்பதே எண்ணம். ஆகவே இது குற்றவியல் அத்துமீறல் ஆகாது என்பது அதன் சாரம்.

இந்த வழக்கைத் தோட்ட மக்களின் வரலாற்றில் ஒரு மைல்கல்லாக நான் கருதுகிறேன். லயக் காம்பராவை ‘வீடு’ என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் தீர்ப்பு வீட்டின் உரிமையைத் தரவில்லை. அங்கே இருந்ததற்காகச் சிறைக்கு அனுப்ப முடியாது என்று மட்டுமே சொன்னது. அது வருவதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களின் பெரும்பகுதியை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. வீட்டில் இருப்பதற்கான கேள்வி, நாட்டில் இருப்பதற்கான கேள்வியாக வளர்ந்தது. வேலை முடிந்த பிறகும் நீதிமன்ற ஆணையின்றித் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒருவரை வெளியேற்றக் கூடாது என்று ஒரு சட்டம் வருவதற்கு 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒப்பாரிக் கோச்சி சென்றடைந்த ஊர்கள்

1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரின் எதிர்காலம் அதில் பிரிக்கப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு. அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இரண்டு தசாப்தங்களில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலுக்குத் தோட்ட மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பல். அக்கரையில் அதே மண்டபம் முகாம். வந்தபோது பாட்டனைத் தடுத்து வைத்த இடத்தில், திரும்பிப் போனபோது பேரன் தங்க வைக்கப்பட்டான்.

இந்த இரண்டாம் பயணத்திலும் குடியேறும் இடம் பெரும்பாலும் காகிதத்திலேயே தீர்மானிக்கப்பட்டது. கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் வழங்கிய குடும்ப அட்டை, அந்தக் குடும்பத்துக்கு எந்த மறுவாழ்வுத் திட்டம் என்பதைக் காட்டியது. சிறுவணிகக் கடன், விவசாயக் குடியேற்றம், நூற்பாலை, தேயிலைத் தோட்டம், இறப்பர்த் தோட்டம் என்று திட்டங்கள் பல இருந்தன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்காகச் சென்னையில் 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. நீலகிரியில் வனத்துறை 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், 1976இல் டான்டீ நிறுவனமாக மாறி, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறைப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை கொடுத்தது.

பால் வெட்டத் தெரிந்தவர்களுக்கு வேறு வாசல்கள் திறந்தன. கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பகுதிகளில் அம்மாநில வனவளர்ச்சிக் கழகம் எழுப்பிய இறப்பர்த் தோட்டங்கள், கேரளத்தில் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976இல் உருவான மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம், நிக்கோபாரில் கச்சால் தீவு ஆகியவை தாயகம் திரும்பியோரைக் கொண்டு நடத்தப்பட்டன. சப்ரகமுவவில் கற்ற தொழில் கையில் இருந்ததால், கன்னடம் பேசும் ஊரிலும் மலையாளம் பேசும் ஊரிலும் வங்கக் கடலின் தீவிலும் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றின. தாயகத்துக்குத் திரும்புகிறோம் என்று புறப்பட்டவர்கள் இறங்கியது இன்னொரு மொழியின் நடுவில்.

கோத்தகிரியின் குளிரிலும் சுள்ளியாவின் மழையிலும் ஒரு விஷயம் மாறவில்லை. வீடு மீண்டும் வேலையோடு கட்டப்பட்டிருந்தது. குடியிருப்பு நிறுவனத்தின் சொத்து. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். டான்டீயின் தேயிலைப் பரப்பில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் முடிவெடுத்தபோது, நாற்பது ஐம்பது ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த முதியவர்கள் எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. உருளவள்ளியில் கேட்ட அதே கேள்வி, கடலுக்கு அந்தப் பக்கம் அடுத்த தலைமுறையிடம் வந்து நின்றது.

திட்டத்துக்கு வெளியே, மக்கள் தாமே செய்த தேர்வும் உண்டு. இந்த ஆய்வில் மிகவும் கவனிக்க வேண்டியது அதுதான். சிறுவணிகக் கடன் பெற்றுச் சமவெளி ஊர்களில் இறங்கிய பலருக்கு வணிகம் கைகூடவில்லை. கடன் கரைந்தது, வெயில் வாட்டியது, மூன்று தலைமுறைக்கு முன் பிரிந்த சொந்த ஊரில் ‘சிலோன்காரர்’ என்ற பெயரே மிஞ்சியது. அவர்களில் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு தாமாகவே நீலகிரிக்கு ஏறினார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் ஏற்கெனவே இறங்கியிருந்த அதே தோட்டத்து உறவினர் இருந்தார்கள். தெரிந்த வேலை இருந்தது. தெரிந்த மழை இருந்தது. எந்த அதிகாரியும் வழிகாட்டாமல் அவர்கள் பயன்படுத்திய அளவுகோல்கள் மூன்று: கைத்தொழில், உறவு, தட்பவெப்பம். உலகின் எந்தக் குடியேறியும் பயன்படுத்தும் அளவுகோல்களே இவை.

ஆனால் நான்காவது அளவுகோல் ஒன்று அவர்கள் கையில் இல்லை: நிலத்தின் சட்டநிலை. கூடலூர் வட்டாரத்தில் பெரும்பரப்பு, பரம்பரை நிலவுடைமையான ஜன்ம நிலம். 1969இல் இயற்றப்பட்ட கூடலூர் ஜன்மத் தோட்டங்கள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அந்நிலங்களின் உரிமை பற்றிய வழக்குகள் பல தசாப்தங்கள் நீண்டன. அங்கே குடிசை போட்டு, தேயிலை நட்டு, பிள்ளைகளை வளர்த்தவர்களில் பலருக்குப் பட்டா கிடைக்கவில்லை. பட்டா இல்லாத வீட்டுக்கு மின் இணைப்பு வாங்குவதே ஒரு போராட்டமானது.

வடக்கே சென்றவர்கள்

எல்லோரும் கப்பல் ஏறவில்லை. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பஞ்சம். 1977இலும் 1981இலும் தமிழருக்கு எதிரான வன்முறை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் தாக்கப்பட்டன. சிதறி வாழ்ந்த சிறுபான்மைக்கு அயலவரின் நட்பே காவல். இடதுசாரித் தொழிற்சங்கங்கள் வேரூன்றிய களனிப் பள்ளத்தாக்கில் அந்த நட்புக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. 1934 – 35 மலேரியாக் கொள்ளைநோயின்போது இப்பகுதிக் கிராமங்களில் நிவாரணப் பணி செய்த என். எம். பெரேரா, 1936இல் ருவான்வெல்லையிலிருந்துதான் அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய கட்சியின் சங்கங்கள் கிராமத்தவரையும் லயத்தவரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்தன. ஆயினும் வெளியிலிருந்து வரும் கும்பலின் முன் அந்த நட்பு எப்போதும் போதுமானதாக இருக்கவில்லை.

அஞ்சியவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்குப் போனார்கள். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் சோ. இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தி, பாடசாலையும் மருத்துவமும் பார்த்துக்கொண்டது. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்கள் மலையக மக்கள் எழுப்பியவை. மொழிப் பாதுகாப்பைத் தேடிச் சென்ற அவர்களின் தேர்வில் தெளிவு இருந்தது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். எல்லையோரத்தில் கென்ட் பண்ணை, டொலர் பண்ணையில் குடியேறியவர்கள் 1984இல் வெளியேற்றப்பட்டார்கள். கிளிநொச்சியில் தங்கியவர்களில் பலர் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகும் காணி அனுமதிப்பத்திரம் இல்லாமல் இருந்தார்கள். இங்கே தொழிலோடு கட்டிய வீடு என்ற தளை அறுந்தது; காணியின் காகிதம் மட்டும் கைக்கு வரவில்லை.

வளைகுடாவும் மேற்கும்

இன்று லயத்திலிருந்து புறப்படும் பயணம் கட்டுநாயக்காவில் தொடங்குகிறது. 1985இல் அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகவும், அதற்கு வெளியிலும், தோட்டப் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். தங்கும் இடம் எஜமானின் வீடு. விசா அந்த எஜமானின் பெயரோடு கட்டப்பட்டது. அந்த வீட்டை விட்டுப் பெண் வெளியேறினால் நாட்டில் இருக்கும் உரிமையும் ஆட்டம் காணும். ‘கஃபாலா’ என்று அழைக்கப்படும் இந்த முறைக்கும் பழைய ‘துண்டு’க்கும் நூறு ஆண்டு இடைவெளி, பொறிமுறை ஒன்றே. முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம் என்று கட்டார் 2020இல் சட்டத்தைத் திருத்தியது நல்ல மாற்றம். அதன் பயன் சமையலறைக்குள் இருக்கும் பெண் வரை போய்ச் சேர்வதற்கு, அந்தச் சட்டத்தை அவர் தம் மொழியில் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் குடியிருப்பைத் தெரிவு செய்யும் வாய்ப்பே இல்லை என்று விட்டுவிட முடியாது. எந்த நகரம், தூதரகத்திலிருந்து எவ்வளவு தொலைவு, வார விடுமுறையில் வெளியே போக அனுமதி உண்டா, கைபேசி தம்மிடமே இருக்குமா, கடவுச்சீட்டு யாரிடம் என்பவை ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன் கேட்கக்கூடிய கேள்விகள். அவருடைய அயல் என்பது இவைதான். ஆபத்து நேரத்தில் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தை எட்ட முடியுமா என்பதை விடப் பெரிய வட்டார வசதி அவருக்கு வேறில்லை.

மேற்கு நாடுகளுக்குப் போன தமிழர்களின் அனுபவம் இன்னொரு பாடம் தருகிறது. அங்கேயும் முதல் இடத்தை அரசே கொடுத்த நாடுகள் உண்டு. சுவிற்சர்லாந்து தஞ்சம் கோரியோரைக் கன்ரன்களுக்குப் பிரித்து அனுப்பியது. நோர்வேயில் பலர் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் தொடங்கி, பின்னர் ஒஸ்லோவுக்கு நகர்ந்தார்கள். ரொறன்ரோவில் செயின்ற் ஜேம்ஸ் ரவுன் அடுக்குமாடிகளில் உறவினரோடு நெருக்கியடித்துத் தொடங்கியவர்கள், ஸ்காபரோவுக்குப் போய், அடுத்த தலைமுறையில் மார்க்கம், ஏஜக்ஸ் என்று வீடு வாங்கினார்கள். முதல் இடம் உறவால் அமைந்தது. இரண்டாவது பிள்ளைகளின் படிப்பால். மூன்றாவது சொந்த வருமானத்தால். பெரும்பாலும் வடக்கு, கிழக்கிலிருந்து போன இம்மக்களுக்கும் தோட்ட மக்களுக்கும் உள்ள வேறுபாடு அறிவிலோ உழைப்பிலோ இல்லை. ரொறன்ரோக் குடியேறி வேலையை விட்டாலும் வீட்டை விட வேண்டியதில்லை. வீட்டை மாற்ற யாருடைய சீட்டும் தேவையில்லை. அந்த ஒரு சுதந்திரம் முப்பது ஆண்டுகளில் மூன்று படிகள் ஏற வைத்தது. அது இல்லாத லயத்தில் ஐந்து தலைமுறைகள் ஒரே காம்பராவில் கழிந்தன.

மண்ணும் காகிதமும்

இப்போது ருவான்வெல்லைக்கே திரும்பினால், தேர்வின் அவசரம் கண்முன் நிற்கிறது. 2016 மே மாதம் பெய்த பெருமழையில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயங்கள் மீது மலை சரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே வாரத்தில் அதே மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிங்களக் கிராமங்களைப் புதைத்தது. இயற்கை இனம் பார்ப்பதில்லை. ஆனால் எச்சரிக்கை கிடைத்தால் வெளியேறும் வசதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29இல் லயங்கள் புதையுண்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் அபாயகரமானது என்று எச்சரித்திருந்தது. போங்கள் என்று சொன்னவர்கள் எங்கே என்று சொல்லவில்லை. மாற்று நிலம் இல்லாதவருக்கு ஆபத்தைப் பற்றிய அறிவு பயன்படாத அறிவாகிவிடுகிறது. கச்சால் தீவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களும் 2004 ஆழிப்பேரலையை, தாம் தெரிவு செய்யாத ஒரு கரையிலிருந்தே சந்தித்தன.

காகிதத்தின் கதையும் இதே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. ருவான்வெல்லை வீதிக்கு விளக்குப் போடும் சபை, வீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் பாதையைத் தொட முடியவில்லை. அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் நிறைவேறியது. தனி வீட்டுக்கு 7 பேர்ச் காணி என்ற கொள்கை 2015க்குப் பின் நடைமுறைக்கு வந்தது. இந்திய உதவியில் வீடுகள் எழுந்தன. 7 பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவோடு வைத்துப் பார்த்தால் பெரிய மாற்றம்தான். ஆனால் வீட்டின் அளவை விட முக்கியமானது காணி உறுதியின் சொற்கள். தோட்டத்தில் ஒருவர் தொடர்ந்து வேலை செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை வெளிப்படையாகவோ மறைவாகவோ அந்த வீட்டோடு ஒட்டியிருந்தால், பழைய லயம் புதிய கூரையோடு நிற்கிறது என்றே பொருள்.

இந்த வரலாற்றிலிருந்து, நாடு விட்டு நாடு போகிற எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வரிசையை முன்வைக்க விரும்புகிறேன். முதலில் கேட்க வேண்டியது வாடகையை அல்ல. வேலை போனால் இந்தக் கூரை நிற்குமா என்பதை. நிறுவனம் தரும் இலவசத் தங்குமிடம் முதல் ஆறு மாதத்துக்கு வரம். அதற்கு மேல் அது தளை ஆகலாம். இரண்டாவது, இருக்கும் உரிமையைக் காட்டும் காகிதம் யார் பெயரில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பது. மூன்றாவது, உறவும் தெரிந்த தொழிலும். கூடலூருக்கு ஏறியவர்களை அவையே வாழ வைத்தன. அவற்றைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது தவறு. நான்காவது, பிள்ளைகளின் பாடசாலை மொழி. அது பத்து ஆண்டுகளில் வீட்டின் மொழியையே மாற்றிவிடும் என்பதை, தமிழ்மொழிப் பாடசாலைகள் குறைவான கேகாலை மாவட்டமும், கன்னடம் படிக்கும் சுள்ளியாப் பிள்ளைகளும் காட்டுகிறார்கள். மாற்றம் தவறல்ல, தெரிந்து ஏற்பதும் தெரியாமல் விழுவதும் வேறு வேறு. ஐந்தாவது, மழைக்கால மண்ணும் வெள்ளமும். வெயில் காலத்தில் பார்த்துப் பிடித்துப்போன வீட்டை மழைக்காலத்திலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அரசுகள் செய்ய வேண்டியது இதைவிடச் சுருக்கமானது. தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும், அதில் யாரும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டாலும் செல்லுபடியாகும் காணி உறுதி வேண்டும். அது பெண்ணின் பெயரிலும் இருக்க வேண்டும். அபாய வலயத்தில் இருக்கும் லயங்களுக்கு, எச்சரிக்கைக் கடிதத்தோடு மாற்றுக் காணியின் இலக்கமும் போக வேண்டும். நீலகிரியில் ஓய்வு பெற்றவர்களுக்கும் இதே நீதி பொருந்தும். வளைகுடாவுக்குப் போகிறவருக்கு, அவருடைய விசாவின் விதிகளைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தார்கள். முன்னோர் நடந்த பாதையை அந்த நடைபயணம் நாட்டுக்குக் காட்டியது. அந்த முன்னோர் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பிறர் எழுதினார்கள். பேரப்பிள்ளைகள் எங்கே இருப்பது என்பதை அவர்களே எழுத வேண்டும். லயத்தில் தங்க விரும்புகிறவர் உரிமையோடு தங்கவும், ருவான்வெல்லை நகரத்தில் காணி வாங்க விரும்புகிறவர் வாங்கவும், கடல் கடக்க விரும்புகிறவர் திரும்பி வர ஒரு முகவரியோடு கடக்கவும் முடிந்தால், கூலியிலிருந்து கூரை பிரிந்துவிட்டது என்று சொல்லலாம். அந்தப் பிரிவுதான் இந்த மக்களுக்கு இன்னும் வர வேண்டிய விடுதலை.